பல்லுக்கு மட்டும் ஏன் விலக்கு?

2025 செப்டம்பர் 22ந் தேதி முதல் தனிநபர் மருத்துவ இன்ஷூரன்ஸ் பிரீமியத்தின் மீது விதிக்கப்பட்டு வந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி நீக்கப்பட்டது. நல்ல காரியம்தான். நோய்க்குப் பயந்து பணம் கட்டுகிறவனிடம் வரி வசூலிப்பது எந்த சர்க்காருக்கும் அழகல்ல என்று தொழிற்சங்கங்கள் பல காலமாகச் சொல்லி வந்தன. காலங்கடந்தாவது அது காதில் விழுந்ததே என்று மகிழ்கிறோம். ஆனால் வரி நீக்கத்தைக் காட்டி, "பாலிசி எடுங்கள், கையிலிருந்து ஒரு காசு செலவாகாது" என்று ஏழை எளியவர்களின் வாசலில் வந்து நிற்கும் ஏஜெண்டுகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "ஐயா, இதில் பல் வைத்தியம் உண்டா?"

ஏஜெண்டு கொஞ்சம் தயங்குவார். "விபத்தில் பல் உடைந்தால் உண்டு" என்பார். "படுக்கையில் சேர்ந்தால் உண்டு" என்பார். வலிக்கிற பல்லுக்கு உண்டா என்று மறுபடி கேட்டால், அதற்கு வேறு பாலிசி இருக்கிறது என்று இன்னொரு காகிதத்தை எடுப்பார். இந்தக் காகிதங்களுக்குள் ஒளிந்திருக்கும் விஷயம் என்ன? பல் வைத்தியத்தில் "கைச்செலவே இல்லாத இன்ஷூரன்ஸ்" என்று ஒன்று இருக்க முடியுமா, முடியாதா? இருக்க முடியும் என்பது நமது கருத்து. ஆனால் அதைக் கம்பெனிகள் விற்க முடியாது. ஏன் என்பதைத்தான் இங்கே ஆராய விரும்புகிறோம்.

பல்லைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவதா என்று சிலர் நகைக்கலாம். நகைப்பவர்களுக்குப் பல் நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள்! மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயக் கூலிக்கு இரவில் கடைவாய்ப்பல் வலி எடுத்தால் என்ன நடக்கிறது? முதலில் கிராம்பு. அடுத்து உப்புத் தண்ணீர். விடிந்ததும் மருந்துக் கடையில் வலி மாத்திரை. மாத்திரை தீர்ந்ததும் மறுபடி வலி. ஒரு வாரம் இப்படி ஓட்டிய பிறகு, அன்றைய கூலியை விட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும். தனியார் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வேர் சிகிச்சை செய்து மேலே உறை போட்டால் பல்லைக் காப்பாற்றலாம், இத்தனை ஆயிரம் ஆகும்" என்கிறார். "பிடுங்க எவ்வளவு?" என்று கேட்கிறார் கூலி. காப்பாற்றும் செலவில் ஒரு சிறு பகுதிதான் பிடுங்கும் செலவு. பல் பிடுங்கப்படுகிறது.

இப்படி ஒவ்வொன்றாகப் போய், ஐம்பது வயதுக்குள் கடிக்கப் பல் இல்லாமல் கஞ்சியைக் கரைத்துக் குடிக்கும் உழைப்பாளிகள் உசிலம்பட்டியிலும் உண்டு, பேரையூரிலும் உண்டு, மதுரைச் செல்லூரிலும் உண்டு. பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. சொல் மட்டுமா போகிறது? கேழ்வரகு ரொட்டியும் கடலையும் கறியும் போகின்றன. உடம்பால் உழைத்துப் பிழைப்பவனுக்கு உணவு போனால் பிழைப்பே போச்சு. உலக சுகாதார ஸ்தாபனம் 2022ல் வெளியிட்ட அறிக்கை, வாய் நோய்களால் அவதிப்படுவோர் உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. மனித குலத்தில் கிட்டத்தட்டப் பாதி!

இனி, நம் மாநிலத்துக் காப்பீட்டு அட்டைக்கு வருவோம். 2009 ஜூலை 23ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012 ஜனவரி 11 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018ல் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை என்று ஆயிற்று. 2022 ஜனவரியில் புதுப்பித்தபோது வருமான வரம்பு 72,000லிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. பிரீமியம் குடும்பத்துக்கு 849 ரூபாய். அதையும் சர்க்காரே கட்டியது. ஏழையின் பையிலிருந்து பிரீமியமும் இல்லை, ஆஸ்பத்திரியில் பில்லும் இல்லை. இதய அறுவைக்கு வீட்டை விற்க வேண்டிய குடும்பங்களை இந்த அட்டை காத்தது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆட்சி மாறினாலும் திட்டத்தைக் கைவிட எவருக்கும் துணிவு வரவில்லை என்பதே அதன் மதிப்புக்குச் சான்று.

ஆனால் விலக்குப் பட்டியலைப் படித்திருக்கிறோமா? ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் விலக்குகளில் பல் வைத்தியம் பெயர் சொல்லியே நிற்கிறது. சொத்தைக் குழியை அடைப்பது விலக்கு. வேர் சிகிச்சை விலக்கு. தேய்மானத்தால் வரும் கோளாறுகள் விலக்கு. நோயாலோ காயத்தாலோ ஏற்பட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் சிகிச்சை செய்ய வேண்டும் என்றால் மட்டும் கதவு திறக்கும். தாடை உடைந்தால் உண்டு. வாயில் புற்று வந்தால் உண்டு. பல் வலித்தால் இல்லை.

இதில் உள்ள விபரீதத்தைக் கவனிக்க வேண்டும். கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஒரு சிறு சொத்தை. அதை அடைக்க அரை மணி நேர வேலை. அட்டை அதற்கு உதவாது என்பதால் உழைப்பாளி தள்ளிப் போடுகிறார். சொத்தை வேரை எட்டுகிறது, சீழ் பிடிக்கிறது. சிலருக்கு அந்தச் சீழ் தாடைக்கு அடியில் இறங்கி, நாக்கின் அடியிலும் கழுத்திலும் பரவி, மூச்சுக் குழாயையே அடைக்கிறது. அப்போது அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்த்து, கழுத்தைக் கீறிச் சீழ் எடுத்து, தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வைக்க வேண்டும். இப்போது அட்டை திறக்கிறது! சில நூறில் முடித்திருக்க வேண்டியதற்குப் பல ஆயிரம் கொடுக்கத் தயாராக இருக்கிறது. உயிர் தப்பினால் சரி.

புகையிலை போடுகிறவரின் கன்னத்து உட்புறத்தில் தோன்றும் வெள்ளைத் திட்டுக்கும் இதே கதிதான். அதை முதலில் பார்க்கக் கூடியவர் பல் மருத்துவர். அவரிடம் போவதற்கு அட்டை இல்லை. திட்டு புற்றாக முற்றிய பிறகு, கன்னத்தையும் தாடையையும் வெட்டி எடுப்பதற்கு அட்டை உண்டு. குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013லேயே தடை வந்தது. தடை போட்ட சர்க்காரே வாயைத் திறந்து பார்க்கும் செலவை ஏற்கக் கூடாதா?

கம்பெனிக் கணக்கு

"சர்க்கார் திட்டத்தில் இல்லாவிட்டால் என்ன, தனியார் பல் பாலிசி எடுத்துக் கொள்ளுங்களேன்" என்று புத்தி சொல்வோர் உண்டு. அந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

இன்ஷூரன்ஸ் பாஷையில் நான்கைந்து சொற்களைத் தெரிந்து கொண்டால் போதும். முதலாவது பிரீமியம், நோய் வந்தாலும் வராவிட்டாலும் கட்டுவது. இரண்டாவது முன்கழிவு, பில்லில் முதல் இவ்வளவு ரூபாய் உன்னுடையது, அதற்கு மேல்தான் கம்பெனி வரும் என்பது. மூன்றாவது பங்குத் தொகை. மிச்சத்திலும் நூற்றுக்கு இவ்வளவு உன் தலையில் என்பது. நான்காவது உச்ச வரம்பு. ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் கிடையாது என்பது. இவை போதாதென்று காத்திருப்புக் காலம். இன்று பணம் கட்டினால் இத்தனை மாதம் கழித்துத்தான் பல் வலிக்க வேண்டும்! கைச்செலவே இல்லை என்று ஒருவன் சொன்னால், இந்த ஐந்தில் எது இல்லை, எது இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக் கேட்க வேண்டும்.

மாட்டுத்தாவணிச் சந்தையில் மூட்டை தூக்கும் ஒருவர் ஒரு பல் பாலிசி எடுத்திருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். முன்கழிவு 1,000 ரூபாய். பங்குத் தொகை 20 சதவீதம். உச்ச வரம்பு 3,000. வேர் சிகிச்சைக்கும் உறைக்கும் பில் 6,000 ரூபாய். முன்கழிவு போக 5,000. அதில் அவர் பங்கு 1,000. ஆக, கம்பெனி கொடுக்க வேண்டியது 4,000. ஆனால் உச்ச வரம்பு குறுக்கே நிற்கிறது, கொடுப்பது 3,000. மிச்சம் 3,000 அவருடையது. பாதிக்குப் பாதி! இதற்கு மேல் ஆண்டு பிரீமியம்; இரண்டு மூன்று தடவை வந்து போகும் பஸ் செலவு; மூட்டை தூக்காத நாட்களின் கூலி. இந்தக் கடைசிக் கணக்கை எந்தக் கம்பெனியும் எந்தக் காகிதத்திலும் எழுதுவதில்லை.

இன்ஷூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையம் 2020 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று கொண்டு வந்த 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியிலேயே, ஒவ்வொரு கோரிக்கையிலும் 5 சதவீதம் பாலிசிதாரரின் பங்கு என்று எழுதி வைத்தார்கள். கட்டுப்பாட்டு ஆணையமே வகுத்த பாலிசி இது என்றால், கம்பெனி தன் இஷ்டத்துக்கு வகுப்பது எப்படி இருக்கும்?

கம்பெனிக்காரர்கள் எல்லோரும் கல் நெஞ்சர்கள் என்று நாம் வாதிக்கவில்லை. கோளாறு கணக்கிலேயே இருக்கிறது. ஆயிரம் வீடுகளில் ஒரு வீடு தீப்பிடிக்கும். எந்த வீடு என்று முன்கூட்டித் தெரியாது. ஆயிரம் பேரும் சிறு தொகை போட்டால் எரிந்த வீட்டைக் கட்டலாம். இதுதான் இன்ஷூரன்சின் ஆதாரம். பல் அப்படியா? ஆயிரம் பேரில் பெரும்பாலோருக்கு என்றாவது ஒருநாள் பல் கெடத்தான் போகிறது. யாருக்குக் கெட்டிருக்கிறது என்பது அவரவர் நாக்குக்கே தெரியும். ஆகவே, விருப்பப்பட்டவர் சேரலாம் என்று கடை விரித்தால், வலி உள்ளவன் வருவான். வலி இல்லாதவன் வரமாட்டான். வந்தவர்கள் எல்லோருக்கும் பணம் கொடுத்தால் கம்பெனிக்கு லாபம் எங்கே? அதனால்தான் வரம்பு, அதனால்தான் காத்திருப்பு, அதனால்தான் கழிவு. லாபத்துக்கு நடத்தப்படும் கடையில், விருப்பப்பட்டவர் மட்டும் சேரும் ஏற்பாட்டில், கைச்செலவில்லாத பல் வைத்தியம் என்பது கானல் நீர். பணக்கார அமெரிக்காவிலேயே 1965ல் முதியோருக்காகக் கொண்டு வந்த மெடிகேர் திட்டத்தில் சாதாரணப் பல் வைத்தியத்தை விலக்கி வைத்தார்கள். மிச்சத்தைக் கம்பெனிகளிடம் விட்டார்கள். அங்கேயும் வரம்பும் கழிவும்தான் ஆட்சி செய்கின்றன.

எல்லோரும் சேர்ந்தால்? வலி உள்ளவனும் இல்லாதவனும், இளைஞனும் கிழவனும், தொழிலாளியும் முதலாளியும் கட்டாயமாகப் பங்கு போட்டால்? லாபம் எடுக்க நடுவில் ஆள் இல்லாவிட்டால்? கணக்கு தலைகீழாகிறது. இது ஆகாயக் கோட்டை அல்ல. மதுரைக்காரர்கள் தத்தனேரிப் பக்கம் போனால் கண்ணால் காணலாம்.

தத்தனேரி ஆஸ்பத்திரி

தத்தனேரியில் இருப்பது இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. அதன் கதையை இளந்தொழிலாளர்கள் அறிந்திருக்க வேண்டும். 1944ல் பேராசிரியர் அதார்க்கர் தந்த அறிக்கை, 1948ல் சட்டம், 1952 பிப்ரவரி 24ந் தேதி கான்பூரில் பிரதமர் நேரு தொடக்கி வைத்த திட்டம். பிறகு ஊர் ஊராக ஆலைத் தொழிலாளர்கள் கேட்டுக் கேட்டு வாங்கியது. மதுரையில் ஹார்வி மில், மீனாட்சி மில் வாசல்களில் கொடி பிடித்த தலைமுறைக்கு இ.எஸ்.ஐ. என்ற மூன்றெழுத்தின் அருமை தெரியும்.

அதன் ஏற்பாடு என்ன? 2019 ஜூலை முதல், சம்பளத்தில் தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் செலுத்துவது என்று விகிதம் குறைக்கப்பட்டது. (குறைத்ததில் முதலாளிக்கு லாபம் ஒன்றரை சதவீதம், தொழிலாளிக்கு ஒரு சதவீதம் என்பதைப் போகிற போக்கில் குறித்து வைக்கிறோம்.) 15,000 ரூபாய் சம்பளக்காரரிடம் மாதம் பிடிப்பது 112 ரூபாய் 50 காசு, முதலாளி கட்டுவது 487 ரூபாய் 50 காசு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ உதவி. செலவுக்கு உச்ச வரம்பு இல்லை. முன்கழிவு இல்லை. பங்குத் தொகை இல்லை. படுக்கையில் சேர்ந்தால்தான் என்ற நிபந்தனை இல்லை. வெளி நோயாளியாக வந்து வாயைத் திறந்து காட்டினாலும் அது மருத்துவ உதவிதான். பல்லும் உடம்பின் ஒரு பாகம்தான்! இன்னொன்றும் கவனியுங்கள். நோயால் வேலைக்குப் போக முடியாது என்று டாக்டர் சான்று தந்தால், சந்தா நிபந்தனை நிறைவேறியவர்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை உதவித் தொகையும் உண்டு. எந்தக் கம்பெனியும் கணக்கில் எழுதாத அந்தக் கூலி இழப்பு இந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் குறையே இல்லையா? உண்டு. வரிசை உண்டு, மருந்துத் தட்டுப்பாடு உண்டு, "அடுத்த மாதம் வா" என்பதும் உண்டு. இவற்றை எதிர்த்து நமது சங்கங்கள் குரல் கொடுத்தே வருகின்றன. ஆனால் குறை நிர்வாகத்தில், கொள்கையில் அல்ல. கம்பெனி பாலிசியிலோ குறையே கொள்கை.

ஆனால் தத்தனேரியின் வாசல் எத்தனை பேருக்குத் திறந்திருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைகள் பெரும்பாலும் வெளியே. செல்லூரில் வீட்டுத் தறியில் துண்டு நெய்கிறவர் வெளியே. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்கள் வெளியே. சோழவந்தான் வயலில் நாற்று நடுகிறவர்கள், வாடிப்பட்டிப் பக்கத்துச் செங்கல் சூளைத் தொழிலாளர்கள், கட்டட வேலைக்காரர்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் வெளியே. உள்ளே இருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2017 ஜனவரியில் சம்பள வரம்பை 21,000 ரூபாயாக்கினார்கள். அதற்குப் பிறகு அரிசி விலை ஏறிற்று, வாடகை ஏறிற்று. போராடி நூறு ரூபாய் சம்பள உயர்வு வாங்கி, அதனாலேயே வரம்பைத் தாண்டி இ.எஸ்.ஐ.யை இழப்பது தொழிலாளிக்குக் கிடைக்கும் விசித்திரப் பரிசு. காண்டிராக்டரின் கீழ் உழைப்பவர் நிலைமை இன்னும் மோசம். பிடித்தம் செய்த பணம் கட்டப்பட்டதா என்று கேட்கவே அவர் பயப்படுகிறார்.

2025 நவம்பர் 21ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டு வந்தது. அவற்றில் வேலை உரிமையையும் வேலை நிறுத்த உரிமையையும் பறிக்கும் பகுதிகளை நாம் வன்மையாக எதிர்க்கிறோம். அந்தப் போர் தனி. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில், பத்துப் பேருக்குக் குறைந்த ஸ்தாபனங்களும் விரும்பினால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்றிருக்கிறது. "விரும்பினால்" என்பதுதான் இதில் விஷம். முதலாளி விரும்பினால் அல்லவா தொழிலாளிக்குப் பல்! சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்கும் மோட்டார் சைக்கிள் இளைஞர்களுக்காக, அவர்களுடைய கம்பெனிகள் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் வரை நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த நிதி மருத்துவமாக மாறுமா, அறிக்கையாக மட்டும் நிற்குமா என்பதை விழிப்போடு பார்க்க வேண்டும்.

பெவன் ஏன் ராஜினாமா செய்தார்?

"எல்லோருக்கும் இலவசப் பல் வைத்தியம் என்றால் கஜானா காலியாகிவிடும்" என்று பொருளாதார மேதைகள் பயமுறுத்துவார்கள். புதிய பயமுறுத்தல் அல்ல. பல்லுக்காக ஒரு மந்திரி பதவியையே தூக்கி எறிந்த வரலாறு உலகில் உண்டு.

பிரிட்டனில் வேல்ஸ் நாட்டு ட்ரெடிகர் என்ற நிலக்கரி ஊர். அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் சம்பளத்தில் சிறு பங்கு போட்டு ஒரு வைத்திய உதவிச் சங்கம் நடத்தினார்கள். டாக்டர்கள் மட்டுமல்ல, பல் மருத்துவரையும் சங்கமே வைத்திருந்தது. அந்த ஊரில் பிறந்து, சிறு வயதிலேயே சுரங்கத்துக்குள் இறங்கியவர் அனைரின் பெவன். தொழிற்கட்சி ஆட்சியில் சுகாதார மந்திரியானதும், ட்ரெடிகரில் கண்டதைத் தேசம் முழுவதற்கும் விரித்தார். 1948 ஜூலை 5ந் தேதி தேசிய சுகாதார சேவை பிறந்தது. பல் வைத்தியமும், செயற்கைப் பல் செட்டும், கண்ணாடியும் உட்பட எல்லாம் இலவசம்.

வெள்ளம்போல் கூட்டம் வந்தது. ஆயுள் முழுதும் வலியோடும் பொக்கை வாயோடும் காத்திருந்தவர்கள் வந்தார்கள். மதிப்பீட்டைத் தாண்டிச் செலவு ஓடிற்று. "பார்த்தீர்களா, இலவசம் என்றால் இப்படித்தான்!" என்று பத்திரிகைகள் கூச்சலிட்டன. அது பேராசைக்காரர்களின் கூட்டமா? தலைமுறை தலைமுறையாகக் கிடைக்காத வைத்தியத்தின் பாக்கி அல்லவா அது! ஆனால் கொரிய யுத்தம் வந்தது. ஆயுதச் செலவு பெருகிற்று. 1951 ஏப்ரல் பட்ஜெட்டில் நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல், பல் செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலை வசூலிப்பது என்று முடிவு செய்தார். பெவன் ராஜினாமா செய்தார். பின்னாளில் பிரதமரான ஹரால்டு வில்சனும் கூடவே வெளியேறினார். அடுத்த ஆண்டே கன்சர்வேடிவ் ஆட்சி பல் சிகிச்சைக்கும் ஒரு பவுன் கட்டணம் போட்டது. அந்த ஓட்டை அதன் பிறகு அடைபடவே இல்லை. இங்கிலாந்தில் பெரும்பாலான பெரியவர்கள் பல் சிகிச்சைக்குக் கட்டணம் செலுத்தியே வருகிறார்கள்.

சொந்தக் கட்சியின் ஆட்சியே துப்பாக்கிக்காகப் பல்லைப் பிடுங்கியது என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. தொழிலாளர் பெயரால் ஆள்கிறவர்களுக்கும் காவல் தேவை.

நமது தமிழ்ச் சகோதரர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் கனடாவில் அண்மையில் நடந்தது இதற்கு மறுபக்கம். அங்கே டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசில்லை என்றாலும், பல்லைப் பல பத்தாண்டுகளாக வெளியே நிறுத்தியிருந்தார்கள். 2022 மார்ச்சில் சிறுபான்மை லிபரல் ஆட்சிக்கு ஆதரவு தருவதற்கு, 25 இடங்கள் மட்டுமே வைத்திருந்த புதிய ஜனநாயகக் கட்சி, பல் வைத்தியத் திட்டத்தை நிபந்தனையாக வைத்தது. 2024 மே மாதம் சிகிச்சை தொடங்கியது. முதலில் முதியோர், 2025ன் நடுப்பகுதிக்குள் மற்ற வயதினரும். ஆண்டு வருமானம் 90,000 டாலருக்குக் குறைவாக இருந்து, தனியார் பல் இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள் சேரலாம். 70,000க்குக் கீழே இருந்தால் பங்குத் தொகை இல்லை. அங்கேயும் ஓர் ஓட்டை உண்டு: சர்க்கார் விகிதத்துக்கு மேல் பல் மருத்துவர் கேட்டால் வித்தியாசம் நோயாளியின் தலையில். ஸ்கார்பரோவில் உள்ள உறவினர்களைக் கேட்டால் சொல்வார்கள். வாங்கித் தந்த கட்சி 2025 தேர்தலில் 7 இடங்களாகச் சுருங்கிற்று. ஓட்டுப் போடும்போது ஜனங்களுக்குப் பல் நினைவுக்கு வருவதில்லை போலும்! ஆனால் திட்டம் விரிந்ததே தவிர, சுருங்கவில்லை.

இங்கே என்ன செய்யலாம்? கேரளத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு இலவசப் பல் செட் வழங்க 'மந்தஹாசம்' என்ற திட்டம் வந்தது. கர்நாடகத்தில் 'தந்த பாக்ய' வந்தது. தமிழ்நாட்டு சர்க்காரால் முடியாத காரியமா இது? முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்களின் பட்டியல் தாலுகா ஆபீசில் தயாராக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தர ஊழியர்கள் வீடு தேடிப் போனார்கள். சர்க்கரை நோய் ஈறைக் கெடுக்கிறது. கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுப்படாமல் ஆக்குகிறது. வாசல் வரை போகிற ஊழியர் கையில் ஒரு டார்ச் விளக்கு கொடுத்து வாயையும் பார்க்கச் சொன்னால் எவ்வளவு செலவாகும்?

அட்டை விஷயத்தில் நமது கோரிக்கை திட்டவட்டமானது. சொத்தை அடைப்பு, வேர் சிகிச்சை, பல் செட் ஆகிய மூன்றையும் காப்பீட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அவற்றை சர்க்கார் ஆஸ்பத்திரிப் பல் பிரிவுகளில் செய்ய வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளும் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யும் சிகிச்சைக்குத் தொகை பெற்று வருகின்றன. ராஜாஜி ஆஸ்பத்திரியிலும் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் உள்ள பல் பிரிவுகளுக்கும் அப்படித் தொகை வந்தால், அடைக்கும் சிமெண்டும் வேர் சுத்தம் செய்யும் கருவியும் வாங்கலாம். "இங்கே பிடுங்கத்தான் முடியும்" என்ற பதிலுக்கு வேலை இருக்காது. தனியார் கிளினிக்குகளுக்கு மட்டும் அந்தப் பணத்தைத் திருப்பிவிடக் கூடாது; விட்டால் தேவையில்லாத பல்லுக்கெல்லாம் வேர் சிகிச்சை நடக்கும்.

ஆட்கள் எங்கே என்று கேட்பார்கள். ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பல் வைத்தியம் படித்துவிட்டு, பிறர் கிளினிக்கில் அற்பச் சம்பளத்துக்கு வேலை செய்யும் இளைஞர்களும் பெண்களும் மதுரைத் தெருக்களிலேயே இருக்கிறார்கள். சென்னையில் சர்க்கார் பல் கல்லூரி 1953ல் தோன்றியது. இடையில் சிதம்பரத்துக் கல்லூரி சர்க்கார் கைக்கு வந்தது. புதுக்கோட்டையில் 2023ல் ஒன்று திறந்தார்கள். எழுபது ஆண்டில் இவ்வளவுதான் வேகம். மதுரை மாநகரில் பல் கல்லூரிகள் தனியாரிடம்தான். பல லட்சம் கட்டிப் படித்து வருகிறவர் கட்டணத்தைக் குறைப்பாரா? சர்க்கார் வேலை கொடுத்தால் அவர்களும் பிழைப்பார்கள், பல்லும் பிழைக்கும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். பணம் இப்போதும் செலவாகிக் கொண்டுதான் இருக்கிறது. யார் பையிலிருந்து என்பதுதான் வித்தியாசம். மத்திய சர்க்காரின் தேசிய சுகாதாரக் கணக்குப்படியே, 2021-22ல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் ஜனங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது. படுக்கைச் சிகிச்சைக்கு மட்டும் அட்டை கொடுத்துவிட்டு, தினசரி வைத்தியத்தைச் சந்தையில் விட்டால் இந்தப் பங்கு எப்படி இறங்கும்?

தோழர்களுக்கு ஒரு வேலை. அவரவர் ஆலையிலும் பட்டறையிலும், பிடித்தம் செய்யப்படும் இ.எஸ்.ஐ. சந்தா உண்மையில் கட்டப்படுகிறதா என்று இன்ஷூரன்ஸ் எண்ணை வைத்துச் சரி பாருங்கள். கட்டாத காண்டிராக்டர் பெயரைச் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளர்களில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: ஐந்து ஆண்டுகளாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால், தானும் வாழ்க்கைத் துணையும் தொடர்ந்து மருத்துவ உதவி பெற விதி இடம் தந்திருக்கிறது. மாதம் பத்து ரூபாய். பழைய அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொண்டு, இ.எஸ்.ஐ. கிளை ஆபீசில் விசாரியுங்கள். ஆபீசில் திருப்பி அனுப்பினால், என்ன காரணம் சொன்னார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கி நமக்கு அனுப்புங்கள்.